கோடு போட வேண்டிய இடம்

கோடு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது தவமணிக்குத் தெரிந்தபோது பேஸ்பால் ஆட்டம் முடிந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. மேற்கு மண்டலத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிக்கொண்டு கத்தினார்கள். தெற்கு மண்டலத்துப் பெண்கள் தண்ணீர் கேனைச் சுற்றி உட்கார்ந்து, யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஷாமியானாவுக்கு அடியில், ஒரு கால் குட்டையாகிப்போன மேசையில், அவள் ஸ்கோர் ஷீட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இடது கண்ணுக்குத் தை மாதம் அறுவை முடிந்தது, வலது கண்ணில் இன்னும் மூட்டம். இரண்டையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாலும் காகிதம் அதையேதான் சொன்னது. ஏழாவது இன்னிங்ஸ், கடைசிக்கு முந்தைய கட்டம், அதற்குள் ஆறு குறிகள். விலகிப் போன பந்து பால், அதற்குப் புள்ளி; அடிக்க வேண்டிய இடத்தில் வந்ததோ அடித்துத் தவறியதோ ஸ்ட்ரைக், அதற்குச் சாய்கோடு. புள்ளி, சாய்கோடு, புள்ளி. அப்புறம் நெட்டுக்குத்தாக ஒரு கோடு, எறிகிற பிட்சர் மாறினாள் என்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் சாய்கோடு, புள்ளி, புள்ளி. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் உறுத்தியது. தெற்கில் மாற்றாக வந்த தர்ஷனா மூன்று பந்தா போட்டாள்? வந்தாள், மேட்டில் காலைத் தேய்த்தாள், தொப்பியைத் தொட்டாள், போட்டாள், பால். போட்டாள், பால். நான்கு பால் ஆகிவிட்டது, அம்பயர் முதல் பேஸைக் கைகாட்டினார், அடிக்க வந்தவள் பேட்டைப் போட்டுவிட்டு நடந்து போனாள். இரண்டுதான். மூன்றாவது எங்கே இருந்து வந்தது? பென்சில் தானாகப் போட்டுக்கொண்டதா? வெயில் துணியையும் துளைத்துக்கொண்டு உச்சியில் இறங்கியது, புளிசாதப் பொட்டலங்களின் வாசனை வந்தது, யாரோ மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்றார்கள். அவள் மறுபடி எண்ணினாள். எண்ண எண்ண இரண்டும் மூன்றாக மாறிவிடும்போல இருந்தது. அறுபத்தொரு வயசில் ஒரு பந்தை இப்படியா தொலைப்பது.

எறிபவள் பாதியில் மாறினால் யார் எதற்குப் பொறுப்பு என்று பேஸ்பாலில் விதி இருக்கிறது. அந்த விதிக்காகத்தான் இந்த விளையாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. போகிறவள் பேஸில் ஆளை விட்டுவிட்டுப் போனால், அந்த ஆள் பிறகு ஓடி வந்து ரன் எடுத்தாலும் அது போனவள் பேரில். வந்தவள் தானாக ஏற்றிவிட்ட ஆள் ரன் எடுத்தால் அது வந்தவள் பேரில். அடிப்பவள் நின்றுகொண்டிருக்கும்போதே மாறினால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற நிலையில் மாற்றினார்கள், பிறகு நான்கு பால் ஆகி அடிப்பவள் நடந்துவிட்டாள் என்றால், குழியை வெட்டிவைத்துவிட்டுப் போனவள் பழையவள், ஆகவே அவள் பொறுப்பு. இரண்டுக்கு இரண்டில் மாற்றினார்கள் என்றால் சரிசமமான இடத்தில் வந்து நின்றவள் புதியவள், அவள்தான் பொறுப்பு. ஒரே ஒரு ஸ்ட்ரைக் வித்தியாசம். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு மேசையில் நாலு பேர் உட்கார்ந்து, போனவள் எவ்வளவு, வந்தவள் எவ்வளவு என்று இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு அப்படி யோசிக்கத் தெரியும் என்பதே அவளுக்கு முப்பது வயசில்தான் தெரிந்தது. இன்று அந்த ஒரு ஸ்ட்ரைக் இந்தக் கட்டத்துக்குள் கிடக்கிறது. ரன்னிலும் இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டம் சமமாக இருந்தது, இரண்டு பேர் அவுட், நடந்து போனவளை அடுத்தவளின் ஓர் அடி சுற்றி ஓடவைத்து ஹோம் பேஸில் சேர்த்துவிட்டது, மேற்கு ஜெயித்தது. அந்த ஒரு ரன் யாருடையது? இந்தக் காகிதப்படி, மேட்டை விட்டு இறங்கிப்போன பேச்சியம்மாளுடையது. மாநில அணியில் பிட்சருக்கு இன்னும் ஓர் இடம்தான் பாக்கி. பேச்சியா தர்ஷனாவா என்று இரண்டு பேருடைய சராசரியும் காலையிலிருந்து ஒட்டி ஒட்டி நிற்கிறது. யார் தலையில் இந்த ரன் விழுகிறதோ அவள் வீட்டுக்கு, மற்றவள் மாநில அணிக்கு. அணிக்குப் போகிறவளுக்குக் கல்லூரியில் விளையாட்டு இடம். காகிதத்தில் ஒரு கோடு இந்தப் பக்கம் அரை விரல்கடை தள்ளி இருந்தால் ஒருத்தி, இல்லாவிட்டால் இன்னொருத்தி.

"என்ன மேடம், பரீட்சை பேப்பர் மாதிரி பாத்துக்கிட்டு இருக்கீங்க? ஷீட்டைக் குடுங்க, மாநில டீம் லிஸ்ட் ரெடியா இருக்கு." செல்லப்பாண்டியன், போட்டியின் செயலாளர், துண்டால் பிடரியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையில் டைப் அடித்த ஒரு தாள். முடியாத ஷீட்டுக்கு முடிந்த லிஸ்ட் எப்படி வந்தது? "ஒரு கட்டம் சரிபாக்கணும் சார்." "எந்தக் கட்டம்?" "தர்ஷனா வந்த கட்டம். கோடு மாறி விழுந்திருக்கும்போல." அவர் குனிந்து பார்த்தார், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாததை மறைக்கச் சிரித்தார். "மேடம், நீங்களே எழுதி நீங்களே சந்தேகப்பட்டா எப்படி? ரெண்டாவது ஸ்கோரர் வரல, உங்க ஷீட்டு ஒண்ணுதான் இருக்கு. அதுல இருக்கறதுதான் நடந்தது. போன மாசமே கமிட்டியில சொன்னாங்க, அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, வேற ஆளைப் பாப்பமான்னு. நான்தான், இருக்கட்டும், பழைய ஆளுன்னு சொன்னேன்." பழைய ஆள். "இப்ப நீங்களே போயி தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்கன்னா நான் என்ன பதில் சொல்றது? தர்ஷனா உங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுதானே, உங்களுக்கும் சந்தோஷம்தானே? பத்து நிமிஷம் மேடம். கலெக்டர் ஆபீஸ்லேருந்து ஆள் வந்துட்டாரு." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. மறுபடி ஒரு தாள் டைப் அடிக்கச் சோம்பல், அவ்வளவுதான். உலகத்தில் பாதி அநியாயம் இப்படி ஒரு தாளை மறுபடி டைப் அடிக்கச் சோம்பித்தான் நடக்கிறது. அதில் இருக்கறதுதான் நடந்தது. அப்படியானால் எழுதாதது நடக்கவில்லை. அப்படியானால் அவளைப் பற்றி ஊர் எழுதி வைத்திருப்பதுதான் அவளுக்கு நடந்தது.

இருபத்தேழு வயசில் அவள் கணவன் வீட்டை விட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கினாள். இறங்கினதும் முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. அவள் இறங்கி இரண்டு வருஷம் கழித்து மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது, அது அவள் வெளியே கால் வைத்த நேரம். நாலு வருஷம் கழித்து நெல் அரைக்கும் மில்லில் தீப்பிடித்தது, அது அவள் விட்ட கண்ணீர். கொழுந்தன் குடித்துக் கெட்டான், மருமகள் இறங்கிப்போன வீடு என்பதால். போன வருஷம் கணவன் செத்துப்போனான், நெஞ்சுவலி, எழுபதை நெருங்கிய வயசு, வாயில் எந்நேரமும் பீடி. அவள் போய் நின்றாள், போகாமல் இருக்கலாம் என்று எல்லாரும் சொன்னபிறகும் போய் நின்றாள். நாத்தனார் எல்லார் முன்னாலும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னாள், "வந்துட்டாளா? நல்லாப் பாத்துக்கடி. எல்லாம் நீ செஞ்சுட்டுப் போனதுதான்." முப்பத்துமூன்று வருஷம். முப்பத்துமூன்று வருஷமாக மேட்டில் வேறு வேறு ஆட்கள் நின்று எறிந்திருக்கிறார்கள், ஒவ்வொரு ரன்னும் அவள் பேரில். அவளுக்கு அன்றைக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும்போல இருந்தது, நான் போகும்போது பேஸில் யார் நின்றது, சொல்லுங்கள், ஒருத்தரையாவது சொல்லுங்கள் என்று. கத்தவில்லை. ஏனென்றால் ஒருத்தி நின்றாள். ஓரகத்தியின் மகள், செல்வராணி, ஏழு வயசு, முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்த பிள்ளை. உன்னை ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைப்பேன் என்று தவமணி அவளிடம் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒன்று அவள் பேரில்தான். அதை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை, மாமியார் இடுப்பைக் கேட்டார்கள், மில்லைக் கேட்டார்கள், செல்வராணியைக் கேட்கவில்லை. உண்மையாக அவளுடையது எதுவோ அதை எழுத ஆளில்லை, அவளுடையது இல்லாததை எழுத ஊரே இருந்தது.

"மிஸ்." தர்ஷனா மேசைக்கு எதிரில் நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை, அழுதால் அசிங்கம் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே தவமணிதான், எதற்குச் சொல்லிக்கொடுத்தோமோ. அப்போது குச்சிமாதிரி ஒரு பிள்ளை, கிளவுஸ் கைக்குள் நிற்காமல் கழன்று கழன்று விழும், உள்ளே துணி திணித்துக் கொடுத்தாள். அம்மா ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள், காலில் நரம்பு சுருண்டு கிடக்கும். "சாப்பிட்டியா?" "இல்ல மிஸ். அப்பறமா." "எத்தனை பந்து போட்டே நீ?" கேட்டிருக்கக் கூடாதோ? கேட்டுவிட்டாள். தர்ஷனா ஷீட்டைப் பார்த்தாள். தலைகீழாக இருந்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியும், புள்ளியும் சாய்கோடும் தவமணிதான் பழக்கினாள். அந்தக் கோட்டில் அவள் கண் நின்றதைத் தவமணி பார்த்தாள். "ஷீட்டுல என்ன இருக்கோ அதுதானே மிஸ்?" "நான் ஷீட்டைக் கேக்கலடி. உன்னைக் கேட்டேன்." "பதட்டத்துல எனக்கு ஞாபகமே இல்ல மிஸ்." பொய். எறிகிறவளுக்குத் தன் பந்து ஞாபகம் இல்லாமல் போகுமா, அதுவும் தோற்ற பந்து? ஆனால் பதினெட்டு வயசுப் பொய், அம்மாவின் காலுக்காகச் சொல்கிற பொய், அதைக் கேட்கும்போது தவமணிக்குக் கோபத்துக்குப் பதிலாகக் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட வேண்டும்போல இருந்தது. விட்டுவிட்டால் என்ன? ஒன்றுமே செய்ய வேண்டாமே. கோட்டை மாற்ற வேண்டாம், அழிக்க வேண்டாம், பொய் எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இவள் கல்லூரிக்குப் போவாள். கமிட்டிக்குக் கண் ஞாபகம் வராது. செல்வராணியைப் பாதியில் விட்டாய், இவளையாவது கொண்டுபோய்ச் சேர். அப்படி நினைத்ததும் அவளுக்கே பகீர் என்றது. ஒருத்திக்குப் பட்ட கடனை இன்னொருத்தியிடம் கழிக்க முடியுமா? யார் யார் கணக்கையோ இவள் பேரில் எழுதி அப்படித்தானே நாத்தனார் கழித்தாள். "போய்ச் சாப்பிடு," என்றாள். தர்ஷனா போகவில்லை, நாலடி தள்ளிப் போய் ஷாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்பயர் ஜெரால்டு முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புளிசாதம் தின்றுகொண்டிருந்தார். கேட்டாள். "அக்கா, என் கையில இருக்கறது கிளிக்கர். எத்தனை பால், எத்தனை ஸ்ட்ரைக், அவ்வளவுதான் அது சொல்லும். யார் போட்டான்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." "மாத்தும்போது விரலைக் காட்டினீங்களே, ரெண்டுக்கு ரெண்டா, ரெண்டுக்கு ஒண்ணா?" "காட்டியிருப்பேன். இன்னிக்கு மூணு மேட்ச் நின்னிருக்கேன் அக்கா, சாப்பிட்டது என்னன்னே ஞாபகம் இல்ல." கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். சரி, யாரும் இல்லை, அவளேதான். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடினால்தான் தெளிவாகத் தெரிகிறது இப்போதெல்லாம். பேச்சி இடது கையால் போடுகிறாள். முதல் பந்து வெளியே, புள்ளி. இரண்டாவது நடுவில், ஜெரால்டின் குரல், சாய்கோடு. மூன்றாவது தரையில் பட்டுத் தெறித்தது, கேட்சர் விழுந்து பிடித்தாள், புள்ளி. அப்புறம் பேட்டில் பட்ட சத்தம். நல்ல அடி இல்லை, ஓரத்தில் பட்ட சத்தம், ஃபவுல், அதுவும் ஸ்ட்ரைக் கணக்குதான். பந்து பின்னால் பறந்து சைக்கிள் ஸ்டாண்டு தகரத்தில் டமார் என்று விழுந்து உருண்டு வந்தது. அந்த டமார் யாருடைய பந்து? அதுதான் கேள்வி. உருண்டு எங்கே வந்தது? இங்கே. அவள் காலடிக்கு. அவள்தான் குனிந்தாள். குனிந்து எடுத்தபோது கையில் பிசுபிசுத்தது. தையலுக்குப் பக்கத்தில் சிவப்பு. வெற்றிலைத் துப்பலோ என்று ஒரு கணம் அருவருத்தாள், அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள், மேட்டில் பேச்சி நடுவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், கொப்புளம் உடைந்து ரத்தம். கோச் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரத்தம் பட்ட பந்தை ஜெரால்டு வாங்கி ஓரமாக எறிந்துவிட்டு வேறு பந்து எடுத்தார். தர்ஷனா புதுப் பந்தோடுதான் வந்தாள். ஆகவே அந்த டமார் பேச்சியுடையது. அந்தச் சாய்கோடு பேச்சியுடையது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதில் ஃபவுலைக் குறிக்கவில்லை, மாற்றம் வந்தால் முதலில் கோடு போடு என்று முப்பது வருஷப் பழக்கம், கோட்டை இழுத்துவிட்டாள், இழுத்தபிறகு விட்டுப்போன ஃபவுல் ஞாபகம் வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் குறித்தாள். இவ்வளவுதான். கண்ணில் கோளாறு இல்லை, வயசும் இல்லை, பழக்கம். நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

தெரிந்துவிட்டதும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தெரியாமல் இருந்தபோது பயம் ஒன்றுதான் இருந்தது, தெரிந்தபிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் கேன் பக்கம் பேச்சி ஒரு டம்ளரில் விரலை முக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கறுத்த, நெடுநெடு என்ற பெண், உப்பளத்துப் பக்கம் ஏதோ ஊர், தவமணி அவளிடம் இதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. எழுந்து போனாள். "விரல் எப்படி இருக்கு?" "காந்துது மிஸ். பரவால்ல." டம்ளரில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. "அந்தக் கடைசி ரன் யாருதுன்னு நினைக்கிறே?" பேச்சி யோசிக்கவே இல்லை. "எனக்குத்தான் மிஸ். நான் இறங்காம இருந்திருந்தா வந்திருக்காதுல்லா. எல்லாம் என் விரலால வந்ததுதான்." கேட்டதும் தவமணிக்குச் சுரீர் என்றது. எவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்கிறாள், யாரோ நீட்டின தட்டை வாங்குகிற மாதிரி. இந்தப் பெண் நாளைக்கு இதை ஊருக்குக் கொண்டுபோவாள், கல்யாணத்துக்குக் கொண்டுபோவாள், போகிற வீட்டில் எவனோ வழுக்கி விழுந்தால் அதையும் என் விரலால என்று வாங்கிக்கொள்வாள். "இல்ல," என்றாள் தவமணி. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது, இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ இறங்கும்போது பேஸ்ல யாரும் இல்ல. ரெண்டுக்கு ரெண்டு சமமா வச்சுட்டுத்தான் இறங்கினே. அப்புறம் நடந்தது உன்னுது இல்ல." "யாருதா இருந்தா என்ன மிஸ், தோத்தாச்சுல்லா." "தோத்தது எல்லாரும் தோத்தது. ரன் யாருதுன்னு எழுதணும். அதுக்குத்தான் என்னை உக்கார வச்சிருக்கு." பேச்சிக்குப் புரிந்ததா தெரியவில்லை. விரலை டம்ளரிலிருந்து எடுத்துப் பார்த்தாள், மறுபடி முக்கினாள்.

திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். பென்சில் இல்லை, பேனா. பழைய கோட்டை அழிக்கவில்லை, அழித்தால் இல்லாதது மாதிரி ஆகிவிடும், அது இருந்தது. அதன் மேல் குறுக்காகச் சின்னதாக ஓர் அடி, பக்கத்தில் சாய்கோட்டுக்கு அப்புறம் புதுக்கோடு, நெட்டுக்கு, நேராக. நான்கு குறி இந்தப் பக்கம், இரண்டு குறி அந்தப் பக்கம். பிட்சர் பட்டியலில் பேச்சியம்மாள் பேருக்கு எதிரே மூன்றை அடித்து இரண்டு. தர்ஷனா பேருக்கு எதிரே சைபரை அடித்து ஒன்று. அந்த ஒன்றை எழுதும்போது நேரம் பிடித்தது, ஒரு கோடுதான், மேலிருந்து கீழே, அதற்குள் துணி திணித்த கிளவுஸும் ஜவுளிக்கடையும் வந்துபோயின. செல்லப்பாண்டியன் வந்து நின்றார், தாளைப் பார்த்தார், இப்போது அவருக்குப் புரிந்தது. "மேடம், என்ன காரியம் பண்ணிட்டீங்க? அடிச்சு திருத்தின ஷீட்டை வச்சுக்கிட்டு நான் எப்படி…" "திருத்தினது யாருன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்." "அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிட முடியாது மேடம். சொல்லிட்டேன். நான் சொன்னாலும் கமிட்டி கேக்காது." "கூப்பிடாதீங்க. இந்த வருஷம் நான்தான். மைக் எங்கே?" கோப்பை கொடுப்பதற்கு முன்னால் ஸ்கோரர்தான் ஆட்டத்தின் விவரத்தை மைக்கில் வாசிக்க வேண்டும், வாசித்தது வாசித்ததுதான், அப்புறம் எந்தக் கமிட்டியும் தொட முடியாது. அவர் இன்னும் ஏதோ சொன்னார், கண், வயசு, மரியாதை, அவள் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயிலில் இறங்கியதும் எல்லாம் வெள்ளையாகப் போனது, இரண்டு எட்டு கண் தெரியாமலேயே நடந்தாள், நிற்கவில்லை.

மைக் ஒருமுறை கீச்சென்று கத்தி அடங்கியது. மேற்கு மண்டலத்தின் விவரத்தை வாசித்தாள், கைதட்டினார்கள். "தெற்கு மண்டலம், பிட்சர்கள். பேச்சியம்மாள், ஆறு முழு இன்னிங்ஸ், ஏழாவதில் இரண்டு அவுட். கொடுத்த ரன், இரண்டு." தண்ணீர் கேன் பக்கம் ஒரு தலை நிமிர்ந்தது. "தர்ஷனா. அவுட் இல்லை. கொடுத்த ரன், ஒன்று. தோல்வி, தர்ஷனா." கம்பத்தைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. தர்ஷனா அவளைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று மூட்டக் கண்ணுக்குத் தெரியவில்லை, தெளிவான கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தர்ஷனா முதுகைத் திருப்பிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், மைதானத்தைக் குறுக்கே கடந்து கேட்டைப் பார்த்து நடந்தாள். தவமணி மைக்கைக் கீழே வைக்கவில்லை. தாளில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது, பிழைகள் என்ற வரி, பந்தைத் தவறவிட்டவர்கள் பேரை வாசிக்கிற வரி. "பிழைகள். மேற்கு மண்டலம், இரண்டு. தெற்கு மண்டலம், ஒன்று." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஸ்கோரர் தவமணி, ஒன்று. ஏழாவது இன்னிங்ஸில்."